10 ஜிபிக்குள் அடங்காத கடற்கரை: கணினி மையக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மரியாதைக்குரிய கணினி மையக் குழுவினருக்கு,

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து தினமும் பஸ் ஏறிப் புதுச்சேரிக்கு வந்து போகும் ஆய்வு மாணவி எழுதுகிறேன். கல்லூரியின் பெயரையோ உங்கள் பெயர்களையோ இங்கே எழுதப் போவதில்லை. யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். வேறு யாராவது படித்துவிட்டு 'எங்கள் கல்லூரியிலும் இதே கதைதான்' என்று நினைத்தால் அதுவும் சரிதான்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, நாங்கள் எல்லோரும் வேலை செய்யும் பொது சர்வரில் ஆளுக்கு 10 ஜிபிக்கு மேல் சேமிக்கக்கூடாது என்று கோட்டா போட்டீர்கள். அன்றிரவு வீட்டில் "கோட்டா போட்டுட்டாங்கப்பா" என்று அப்பாவிடம் சொன்னேன். "சேர்ந்து மூணு வருஷம் ஆச்சு, இப்ப என்ன புதுசா கோட்டா?" என்றார். அவருக்கு விளக்கி முடிப்பதற்குள் தோசை ஆறிவிட்டது. ஆனால் அவர் கடைசியாகக் கேட்டது நல்ல கேள்வி. "சரி, முன்கூட்டி சொன்னாங்களா?"

சொல்லவில்லை. இந்த மடல் முழுக்க அந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான்.

கோட்டாவே வேண்டாம் என்று கொடி பிடிக்க வந்தவள் என்று நினைத்துவிடாதீர்கள். அதனால் முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். போன வருஷம் ஒரு திங்கள்கிழமை காலை சர்வர் மொத்தமாக முடங்கியது நினைவிருக்கும். ஒருவராலும் ஒரு வரிகூடச் சேமிக்க முடியவில்லை. எம்.சி.ஏ. பிள்ளைகளுக்கு அன்றைக்கு லேப் தேர்வு வேறு. காரணம் நான்தான். ஞாயிறு மாலை ஒரு பைத்தான் நிரலை ஓடவிட்டுவிட்டு பஸ் பிடித்துவிட்டேன். அது ஏதோ ஒரு படத்தைத் திறக்க முடியாமல், அதே பிழைச் செய்தியை, நிரல் தன் நடப்பைக் குறித்து வைக்கும் லாக் கோப்பில் விடிய விடிய எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது. காலையில் வந்து பார்த்துப் பதறிப்போய் லாக்கை அழித்தேன். கோப்புகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்' கட்டளையைப் போட்டால் கோப்பைக் காணோம். டிஸ்க் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் 'டிஎஃப்' போட்டால் டிஸ்க் அப்படியே 100 சதவீதத்தில் நிற்கிறது. எனக்குத் தலை சுற்றியது. சிஸ்டம் ரூம் அண்ணன் வந்துதான் புரியவைத்தார். லினக்ஸில் கோப்பை அழித்தால் முதலில் போவது பெயர் மட்டும்தான். அதைத் திறந்து வைத்திருக்கும் நிரல் ஓடிக்கொண்டிருக்கும்வரை இடம் திரும்பி வராது. அவர் நிரலை நிறுத்திய அந்த நொடியே இடம் வந்துவிட்டது. எங்கள் கையெல்லாம் கட்டிக் கிடந்தபோது அவரால் மட்டும் உள்ளே போய் வேலை பார்க்க முடிந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. லினக்ஸ் டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கி வைக்கும் ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமையில் வழக்கமாக 5 சதவீத இடத்தை, நிர்வாகியின் கணக்கான ரூட்டுக்கென்று ஒதுக்கிவிடுவார்கள். அம்மா அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் மடித்து வைக்கும் ஐந்நூறு ரூபாய் மாதிரி.

அன்றைக்கு எனக்கு ஒரு வரம்பு இருந்திருந்தால் என் லாக் என் இடத்தை மட்டும் தின்றுவிட்டு நின்றிருக்கும். தேர்வு நடந்திருக்கும். ஆகவே வரம்பு வேண்டும். தினமும் தமிழ்நாடு-புதுச்சேரி எல்லையான முள்ளோடையைத் தாண்டுகிறவர்களுக்கு வரம்பு என்றால் என்ன என்று பாடம் எடுக்க வேண்டியதில்லை. சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்திப் பையைத் திறக்கச் சொல்லும்போது பின் சீட்டு ஆண்களின் முகத்தைப் பார்த்திருக்கிறேன்.

இனி அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

என் ஆய்வு இந்தக் கடற்கரையின் கரைக்கோடு எப்படி நகர்கிறது என்பதைப் பற்றியது. என் கணக்கில் அப்போது 14 ஜிபி இருந்தது. வெள்ளி மாலை நீங்கள் 10 ஜிபியை ஹார்ட் லிமிட்டாக, அதாவது தாண்டவே முடியாத வரம்பாக வைத்தபோது நான் ஏற்கெனவே வரம்புக்கு மேலே நின்றுகொண்டிருந்தேன். சிஸ்டம் ஏற்கெனவே இருப்பதைப் பறிக்காது. புதிதாக எதையும் எழுத மட்டும் விடாது. எனக்கு அது தெரியாது. சனிக்கிழமை மதியம் மூன்றாம் அத்தியாயத்தில் நாலு பத்தி திருத்திவிட்டுச் சேமித்தேன். நான் பயன்படுத்தும் எடிட்டர் பழைய கோப்பைக் காலி செய்துவிட்டு, அதே கோப்பில் புதியதை எழுதும் வகை. காலி செய்ய அனுமதி உண்டு, எழுத அனுமதி இல்லை. திரையின் கீழே 'டிஸ்க் கோட்டா எக்ஸீடட்' என்று ஒரு வரி. கோப்பின் அளவைப் பார்த்தேன். 0 பைட்.

நாற்பத்திரண்டு பக்கம்.

பதற்றத்தில் நான் செய்த அடுத்த காரியம் இன்னும் மோசம். எடிட்டரை மூடிவிட்டு லாக்-அவுட் செய்து மறுபடி உள்ளே போகலாம் என்று நினைத்தேன். திரையில் இருந்த எழுத்தை வேறெங்காவது ஒட்டியாவது வைத்திருக்கலாம். அந்த நேரத்தில் புத்தி வேலை செய்யவில்லை. பாஸ்வேர்டு போட்டேன், ஏற்றுக்கொண்டது, திரை ஒரு கணம் கறுத்தது, மறுபடி அதே லாகின் திரை. ஆறேழு முறை இதே. உள்ளே நுழையும்போது டெஸ்க்டாப் நம் ஹோமில், அதாவது சர்வரில் நமக்கென்று உள்ள ஃபோல்டரில், சில சின்னக் கோப்புகளை எழுதியாக வேண்டும். அதற்குக்கூட இடம் இல்லையென்றால் ஒரு வார்த்தை சொல்லாமல் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். இதுவும் திங்கட்கிழமைதான் தெரிந்தது. பக்கத்துக் கணினியில் உட்கார்ந்திருந்த ஜூனியர் பெண்ணுக்கும் அதே நிலைமை. அவள் செமஸ்டர் பீஸ் கட்டாததால் கணக்கை முடக்கிவிட்டார்கள் என்றே நம்பிவிட்டாள். கழிப்பறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள். சிஸ்டம் ரூம் சனி மதியம் பூட்டிவிடுவார்கள், ஞாயிறு விடுமுறை. வெள்ளிக்கிழமை மாலை எதையும் மாற்றாதே என்பது கணினித் தொழிலில் எல்லோரும் சொல்லும் பாலபாடம் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

என் அத்தியாயத்தின் பழைய பிரதி ஒன்று, வழிகாட்டிக்கு மெயிலில் அனுப்பியது, கிடைத்தது. பதினோரு நாள் பழையது. பிழைத்துக்கொண்டேன். எல்லோருக்கும் அப்படி ஒரு மெயில் இருக்காது.

இவ்வளவும் நடக்க வேண்டிய அவசியமே இல்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை. ஏனென்றால் இந்தச் சிக்கலுக்கான தீர்வு கோட்டா பிறந்தபோதே அதனுடன் பிறந்துவிட்டது. யூனிக்ஸில் டிஸ்க் கோட்டாவைக் கொண்டுவந்தவர் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் எல்ஸ். 1983-இல் வெளிவந்த 4.2 பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் பதிப்பில் அது இடம்பெற்றது.  அவர் வைத்தது இரண்டு வரம்பு. ஒன்று சாஃப்ட் லிமிட்: தாண்டலாம், ஆனால் எச்சரிக்கை வரும், கொஞ்சம் அவகாசம் உண்டு. இன்னொன்று ஹார்ட் லிமிட்: அதைத் தாண்டவே முடியாது. இன்றைய லினக்ஸிலும் அதே ஏற்பாடுதான். அவகாசத்தை நீங்கள் தனியாக மாற்றவில்லையென்றால் 7 நாள். அந்த நாட்களுக்குள் சாஃப்ட் லிமிட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் ஒன்றுமில்லை. இறங்கவில்லையென்றால் சாஃப்ட் லிமிட்டே ஹார்ட் லிமிட் மாதிரி இறுகிவிடும்.

நீங்கள் சாஃப்ட் லிமிட்டில் 0 என்று போட்டிருக்கிறீர்கள். 0 என்றால் அந்த வரம்பே கிடையாது என்று பொருள். நாற்பது வருஷமாகக் கூடவே வரும் ஒரு கதவை அடைத்துவிட்டுச் சுவரை மட்டும் வைத்திருக்கிறீர்கள்.

என் அம்மாவழித் தாத்தா பாகூர்க்காரர். பங்காரு வாய்க்கால் தண்ணீரில் பயிர் வைத்தவர். ஹார்ட் லிமிட், சாஃப்ட் லிமிட் என்று நான் விளக்கப்போனால் 'இது கலிங்குதானே' என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பார். பழைய ஏரிகளின் கலிங்கின் தலையில் வரிசையாகக் கற்கள் நட்டிருப்பார்கள். ஏரி கலிங்கு மட்டத்துக்கு நிரம்பியதும் உபரி வழிய ஆரம்பிக்கும். மழைக்காலம் முடிகிற நேரமென்றால் அந்தக் கற்களுக்கு நடுவே பலகையும் மண்ணும் அடைத்து இன்னும் கொஞ்சம் தண்ணீரைத் தேக்கிக்கொள்வார்கள். அது கொஞ்ச நாளைக்குத்தான். வானம் மறுபடி இருண்டால் ஓடிப்போய்ப் பலகையை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் கரை உடையும். கலிங்கு மட்டம் சாஃப்ட் லிமிட், கரையின் தலை ஹார்ட் லிமிட், இரண்டுக்கும் நடுவில் இருக்கிற அந்தக் கொஞ்ச உயரம்தான் குடியானவனின் சாமர்த்தியம். தண்ணீர் வழியும் சத்தம் கேட்டே ஊர் உஷாராகிவிடும். எங்கள் சர்வரில் அந்தச் சத்தம் இல்லை.

அந்தச் சத்தத்தை எப்படி வரவைப்பது? 'வார்ன்கோட்டா' என்று ஒரு கருவி இருக்கிறது. வரம்பு தாண்டியவர்களுக்குத் தானாக மெயில் அனுப்பும். அதை ஓடவிடுங்கள், ஆனால் அதையே நம்பி இருக்காதீர்கள். கல்லூரி மெயிலைத் திறந்து பார்ப்பவர்கள் எங்களில் மிகக் குறைவு. அது சுற்றறிக்கை வந்து விழும் குப்பைக் கூடை என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உள்ளே நுழைந்ததும் முதலில் கண்ணில் படுகிற மாதிரி திரையில் வர வேண்டும். தமிழிலேயே வரட்டும். நான் ஒரு மாதிரி எழுதித் தருகிறேன்:

"உங்களுக்கு ஒதுக்கிய 10 ஜிபியில் 9.2 ஜிபி நிரம்பிவிட்டது. 10 ஜிபியைத் தாண்டினால் 14 நாள் அவகாசம் உண்டு. 12 ஜிபியைத் தொட்டால் எதையும் சேமிக்க முடியாது. எது இடத்தை அடைக்கிறது என்று பார்க்க இங்கே அழுத்தவும். உதவிக்கு: சிஸ்டம் ரூம்."

இவ்வளவுதான். எத்தனை நாள், எவ்வளவு ஜிபி என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். ஆனால் அந்த 'எது இடத்தை அடைக்கிறது' என்ற வரியை மட்டும் எடுத்துவிடாதீர்கள். திங்கட்கிழமை அண்ணன் எனக்கு, எந்த ஃபோல்டர் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று சொல்லும் 'டியூ' கட்டளையைப் போட்டுக் காட்டியபோதுதான் என் வீட்டுக்குள் என்னென்ன கிடக்கிறது என்று எனக்கே தெரிந்தது. பிரவுசர் சேர்த்து வைத்த கேஷ் முக்கால் ஜிபி. நிரல் தொகுப்புகளை இறக்கும் பிப் தனக்கென்று பதுக்கி வைத்த நகல்கள். அப்புறம் குப்பைத்தொட்டி. மவுஸால் வலது கிளிக் செய்து அழிக்கிற எதுவும் உண்மையில் போவதில்லை. அதே ஹோமுக்குள் ஒரு மறைவான ஃபோல்டருக்குப் போய் உட்கார்ந்துகொள்கிறது, நம் கணக்கிலேயே. அந்த ஜூனியர் பெண் சனிக்கிழமை காலை எதையெதையோ அழித்துப் பார்த்தும் ஒரு எம்பிகூடக் குறையாததற்கு இதுதான் காரணம்.

இடம் மட்டும்தான் வரம்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதுவும் தப்பு. எங்கள் லேபில் இயந்திரக் கற்றல் செய்யும் நண்பன் ஒருவன் மூன்று ஜிபியைத் தாண்டவே இல்லை. ஆனாலும் ஒரு புதிய கோப்பு உருவாக்க முடியவில்லை. 'கோட்டா' கட்டளை போட்டால் முதல் பாதியில் எல்லாம் நன்றாக இருக்கிறது. வலது பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. அங்கேதான் கோப்பு எண்ணிக்கை இருக்கிறது. நீங்கள் ஆளுக்கு ஒரு லட்சம் கோப்பு என்று வைத்திருக்கிறீர்கள். லினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும், ஒவ்வொரு ஃபோல்டருக்கும் ஐநோடு என்ற ஒரு பதிவு செலவாகும். அது ஒரு எழுத்துள்ள கோப்பானாலும் சரி, ஒரு முழு சினிமாவானாலும் சரி. நிரல் தொகுப்புகளை மொத்தமாக நிறுவி வைக்கும் கோண்டா சூழல்கள் மூன்றை அவன் நிறுவியிருந்தான். ஒவ்வொன்றும் பல்லாயிரம் துக்கடாக் கோப்புகள். ஈஎக்ஸ்டி4-இல் ஐநோடுகள் எத்தனை என்பது டிஸ்க்கை ஃபார்மேட் செய்யும்போதே முடிவாகிவிடும், பின்னால் தனியாகக் கூட்ட முடியாது, அதனால் நீங்கள் இதற்கு ஒரு வரம்பு வைப்பது நியாயம்தான். எனக்கு ஒரு யோசனை: அந்தச் சூழல்களை எல்லோருக்கும் பொதுவாக ஒரே இடத்தில் நீங்களே நிறுவி வைத்துவிடுங்கள். எங்களில் பாதிப்பேர் வைத்திருப்பது ஒரே சூழலின் நகல்கள்தான்.

இப்போது என் 14 ஜிபிக்கு வருகிறேன். அதில் என் அத்தியாயங்கள், நிரல்கள், வரைபடங்கள் எல்லாம் சேர்த்து ஒரு ஜிபி தேறாது. குப்பை ஒரு ஜிபி. மிச்சம் 12 ஜிபி சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள். ஐரோப்பிய விண்வெளி முகமை 2015-இல் ஒன்றும் 2017-இல் இன்னொன்றும் ஏவியபின், ஐந்து நாளுக்கு ஒருமுறை நம் கரை படமாகிறது, யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். ஒரு துண்டு சுமார் 600 எம்பி. வடகிழக்குப் பருவமழையில் பாதிப் படம் மேகமாகத்தான் இருக்கும், நல்லதாக 20 பொறுக்கினாலே 12 ஜிபி ஆகிவிட்டது. இந்தப் படங்களை நான் மட்டும் பார்ப்பதில்லை. லேபில் இன்னும் நாலு பேர் இதே படங்களை வைத்துத்தான் வேலை செய்கிறார்கள், சதுப்புநிலம் பார்ப்பவர், நகர விரிவாக்கம் பார்ப்பவர் என்று. ஆளாளுக்கு இறக்கி வீணாக்க வேண்டாமே என்று நான் ஒருத்தி இறக்கிப் பொது ஃபோல்டரில் வைத்தேன்.

பொது ஃபோல்டரில் வைத்தாலும் கணக்கு என் பேரில்தான் ஏறும். பயனர் கோட்டா கோப்பு எங்கே கிடக்கிறது என்று பார்ப்பதில்லை. யாருடையது என்றுதான் பார்க்கும். சரி, வேறு யார் பேருக்காவது மாற்றிவிடலாமா என்றால், லினக்ஸில் சாதாரணப் பயனர் தன் கோப்பை இன்னொருவர் பேருக்கு எழுதித்தர முடியாது. ரூட் மட்டும்தான் முடியும். அப்படி விட்டால் நாங்கள் எல்லோரும் எங்கள் சுமையை எதிரிகள் தலையில் கட்டிவிடுவோம் என்று தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள், நல்லவேளை. ஆனால் விளைவு என்ன? ஊருக்குப் பந்தல் போட்டவள் வீட்டில் உட்கார இடமில்லை. என் மூன்றாம் அத்தியாயம் செத்தது என் குப்பையால் இல்லை. நாலு பேருக்கு உதவியதால்.

இதற்கும் வழி இருக்கிறது. ஒரு ஃபோல்டருக்கென்றே வரம்பு வைக்கும் வசதி, ப்ராஜெக்ட் கோட்டா என்பார்கள், எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமையில் நெடுநாளாக உண்டு. ஈஎக்ஸ்டி4-க்கும் 2016-இல் வந்த லினக்ஸ் 4.5-இலிருந்து இருக்கிறது. எங்கள் லேபின் பொது ஃபோல்டருக்கு 200 ஜிபி என்று போட்டுவிட்டு, அதற்குப் பொறுப்பு எங்கள் வழிகாட்டி என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குள் நாங்கள் அடித்துக்கொள்வோம், தீர்த்துக்கொள்வோம், அது எங்கள் பாடு. படித்து முடித்துப் போய்விட்ட சீனியர்களின் கோப்புகளும் அப்போது யாரோ ஒருவர் கண்ணில் படும். இப்போது அவை பெயரில்லாப் பிணங்கள் மாதிரி கிடக்கின்றன, கள ஆய்வில் எடுத்த ஒரே புகைப்படம் மூன்று பேர் பேரில்.

இடத்தை இறுக்கினால் எல்லோரும் ஒழுங்காக அழித்துவிடுவார்கள் என்று ஒரு நம்பிக்கை உங்களுக்கு இருப்பதாகத் தெரிகிறது. அது நடக்காது என்பதைச் சொல்ல எனக்குக் கணினி அறிவு தேவையில்லை, என் ஆய்வே போதும். 1980-களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புகள் கட்டினார்கள். நம் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. தடுப்பு அதை மறித்துக்கொண்டது. தெற்கே மணல் குவிந்தது. வடக்கே நகரத்தின் கடற்கரை கரைந்து போனது. நகரத்தைக் காக்கக் கல் கொட்டினார்கள். நகரம் நின்றது. அரிப்பு நிற்கவில்லை, தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று அடுத்தடுத்த மீனவர் ஊர்களுக்கு நகர்ந்துவிட்டது. தலைமைச் செயலகம் பக்கம் இன்று மறுபடி கொஞ்சம் மணல் இருக்கிறதென்றால், கடலுக்குள் செயற்கைப் பாறைத்திட்டு வைத்து மணல் தங்குவதற்கு ஓர் இடம் செய்து கொடுத்ததால்தான்.

கோட்டா போட்ட இந்த ஒரு மாதத்தில் எங்கள் தரவு எங்கெங்கே நகர்ந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் நகர்த்தினேன். பாதிப்பேர் பென்டிரைவுக்குப் போனார்கள். பென்டிரைவுகள் பிரவுசிங் சென்டர்களுக்குப் போய் வைரஸோடு திரும்பி வந்தன. ஒன்று கிருமாம்பாக்கம் பஸ்ஸில் தொலைந்தது. இன்னும் சிலர் '/டெம்ப்' ஃபோல்டரைக் கண்டுபிடித்தார்கள். அங்கே கோட்டா இல்லை, எவ்வளவு வேண்டுமானாலும் போடலாம் என்று வாய்வழியாகச் செய்தி பரவியது. அது தற்காலிக இடம், சர்வர் மறுபடி கிளம்பும்போது காலியாகிவிடும் என்பது மட்டும் பரவவில்லை. ஒரு மழை இரவில் மின்சாரம் போய், யுபிஎஸ்ஸும் கைவிட்டு, காலையில் சர்வர் புதிதாகக் கிளம்பியபோது ஒருவரின் மூன்று வார மாதிரிக் கணக்கீடு போய்விட்டது. "கூகுள் டிரைவில் போடுங்களேன்" என்று குழுவில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். கல்வி நிறுவனங்களுக்கு வரம்பில்லாமல் கொடுத்துக்கொண்டிருந்ததை 2021-இல் நிறுத்துவதாக அறிவித்து, மறுவருஷம் முதல் நிறுவனம் மொத்தத்துக்கும் 100 டிபி என்று கூகுளே கோட்டா போட்டுவிட்டது. அவர்கள்கூட ஒரு வருஷத்துக்கு மேல் அவகாசம் கொடுத்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

ஆக, மணல் தங்க ஓர் இடம் வேண்டும். தற்காலிகக் கோப்புகளுக்கென்று ஸ்க்ராட்ச் என்ற ஓர் இடத்தைப் பல கல்லூரிகளில் வைக்கிறார்கள். ஹோம் சின்னதாக இருக்கட்டும், 10 ஜிபியே போதும், ஆனால் ஒவ்வோர் இரவும் அதற்கு நகல் எடுத்துவிடுங்கள். ஸ்க்ராட்ச் பெரிதாக இருக்கட்டும், நகல் கிடையாது, 30 நாள் தொடாத கோப்பு தானாகப் போய்விடும் என்று வாசலிலேயே எழுதிப் போட்டுவிடுங்கள். 'டச்' என்ற கட்டளையால் கோப்புகளின் தேதியை வாராவாரம் புதுப்பித்து ஏமாற்றப் பார்ப்பவர்களும் வருவார்கள். நாங்களும் கெட்டிக்காரர்கள்தான். அவர்களைப் பிடிக்க, யார் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறார்கள் என்று காட்டும் ரெப்கோட்டா பட்டியலை மாதம் ஒருமுறை பார்த்தால் போதும்.

அந்தப் பட்டியலை ஒருமுறை அண்ணன் எனக்குத் திரையில் காட்டினார். இருநூற்று நாற்பது பேரில் பெரும்பாலோர் ஒரு ஜிபியைக்கூடத் தொடவில்லை. தலையில் நின்றது பதினைந்து இருபது பெயர்கள். என் பெயரும் இருந்தது, மறைக்கவில்லை. முதலாம் ஆண்டு மாணவருக்கும் 10, முனைவர் பட்டம் முடிக்கிறவருக்கும் 10 என்பது பார்க்கச் சமத்துவமாகத் தெரியும். 4 டிபி டிஸ்க்கில் 2.4 டிபியை வகுத்துக் கொடுத்துவிட்டு, அதிலும் பெரும்பகுதியை யாரும் தொடாமல், மிச்சத்தையும் பூட்டி வைத்திருக்கிறோம். பஸ் பாஸ் வைத்திருக்கும் எல்லோரும் ஒரே பஸ்ஸில் ஏறுவதில்லை. அதை நம்பித்தானே பாஸ் கொடுக்கிறார்கள்? கொடுத்த கோட்டாக்களின் கூட்டுத்தொகை டிஸ்க்கைவிடக் கொஞ்சம் அதிகமாக இருந்தாலும் குடி மூழ்காது, யாராவது மொத்த அளவைக் கவனித்துக்கொண்டிருக்கும்வரை. இளநிலை, முதுநிலை, ஆய்வு என்று மூன்று மாதிரிப் பயனர்களுக்கு வரம்பு வைத்துவிட்டு, வரம்புகளை மாற்றும் 'எட்கோட்டா' கட்டளையில் மாதிரியை அப்படியே மற்றவர்களுக்கு நகலெடுத்துவிடலாம். அண்ணனுக்கு அரை மணி நேர வேலை, டீ குடிக்கும் நேரம் உட்பட.

கூடுதல் இடம் கேட்கும் படிவத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வழிகாட்டி, துறைத்தலைவர், டீன் என்று மூன்று கையெழுத்து. எனக்கு ஒன்பது நாள் ஆனது. எனக்குத் தேவைப்பட்டது நாலு நாளைக்கு நாலு ஜிபி. ஆய்வேடு சமர்ப்பிக்கிற மாதத்தில் யாராவது கேட்டால் அண்ணனே 15 நாளைக்குக் கூட்டிக் கொடுத்துவிட்டு, 15 நாளில் அவரே இறக்கிவிடட்டும். அவ்வளவு அதிகாரம் அவருக்குக் கொடுக்கலாம். டிஸ்க் நிரம்பினால் ஞாயிற்றுக்கிழமையும் வீட்டிலிருந்து ஓடி வருகிறவர் அவர்தான்.

நீங்கள் கேட்கக்கூடும், இதையெல்லாம் நேரில் வந்து சொல்லியிருக்கலாமே, ஊரறியத் திறந்த மடல் எதற்கு என்று. இரண்டு முறை மெயில் அனுப்பினேன். இரண்டாவது மெயில், பெறுநரின் பெட்டி நிரம்பிவிட்டது என்று எனக்கே திரும்பி வந்தது.

அடுத்த திங்கள் மதியம் மூன்று மணிக்கு லேபில் இருப்பேன். குழுவிலிருந்து யாராவது ஒருவர் வந்தால், அண்ணனையும் கூட வைத்துக்கொண்டு ரெப்கோட்டா பட்டியலைச் சேர்ந்து பார்க்கலாம். என் லேப் நண்பர்களிடம் பேசிவிட்டேன். சாஃப்ட் லிமிட் எதுவாக வைத்தாலும் அந்த வாரமே இறங்கிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். என் பேரில் இருக்கும் அந்த 12 ஜிபி படங்களை எந்த ஃபோல்டருக்கு மாற்ற வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள், அன்றைக்கே மாற்றித் தருகிறேன். பேரை மாற்றுவதற்கு ரூட் வேண்டும், அது உங்களிடம்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
கரைக்கோடு அளக்கும் ஆய்வு மாணவி,
மஞ்சக்குப்பம், கடலூர்